ரசீதைப் படி, பிறகு பணத்தைக் கட்டு

கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவு ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். பணம் கட்ட வரும் அப்பாக்களை அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மடியிலிருந்து நோட்டை எடுக்கும்போது சிலருக்குக் கை தயங்கும். சிலர் எண்ணாமலே நீட்டிவிடுவார்கள். எண்ணாமல் நீட்டியவர்கள் வசதியானவர்கள் என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அது வட்டிக்கு வாங்கி வந்த பணம். வீட்டிலேயே நாலு தடவை எண்ணியிருப்பார்கள்.

ஓய்வு பெற்று, காஞ்சிபுரத்துப் பக்கம் இருக்கும் என் ஊர் மாகறலுக்கே வந்துவிட்ட பிறகும், பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் திண்ணைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. கேள்விதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "இன்ஜினீயரிங்கா, ஆர்ட்ஸா?" என்று கேட்பார்கள். இப்போது சோனிபட், ஸ்ரீசிட்டி என்று ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். "லிபரல் ஆர்ட்ஸ் காலேஜாம் தாத்தா, அங்கே போகலாமா? இல்ல நம்ம கவர்மெண்ட் காலேஜே போதுமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எண் போட்டு எழுதிவிடுகிறேன்.

1. அந்தக் கல்லூரிகள் எதைத் தருகின்றன என்று முதலில் தெரிந்துகொள். அரியானாவில் சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கியது. ஆந்திர எல்லைக்குள், சென்னைக்குப் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகம் 2018இல் வந்தது. பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். இங்கெல்லாம் சேர்ந்த அன்றே "நீ பொருளாதாரம், நீ இயற்பியல்" என்று முத்திரை குத்திவிடுவதில்லை. முதலில் பல துறைகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். பொருளாதாரம் படிப்பவன் இலக்கியமும், உயிரியல் படிப்பவள் தத்துவமும் எடுக்கலாம். வகுப்பில் கூட்டம் குறைவு. நிறைய எழுத வைக்கிறார்கள், எழுதியதைத் திருத்தித் திருப்பித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அசோகாவில் விடுதி, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். மூன்று ஆண்டுக்கு முப்பது லட்சத்தைத் தாண்டும். நம் அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. மற்றக் கட்டணங்கள், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு மேலே படி.

2. அரசுக் கல்லூரியில் ஒரே பாடத்தைத்தான் உருட்டுவார்கள் என்று நினைக்காதே. பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தாலும் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம் உண்டு. துணைப்பாடமாகக் கணிதமும் வேதியியலும் வரும். பார்ட் ஒன்னில் தமிழ் எடுத்தவர் எவரும் சங்கப் பாட்டும் சிறுகதையும் படிக்காமல் இயற்பியல் பட்டம் வாங்கிவிட முடியாது. இதை நம் பிள்ளைகள் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். "மேஜர்ல பாஸ் பண்ணிட்டேன் சார், இங்கிலீஷ் மட்டும் அரியர்" என்று பட்டம் வாங்க முடியாமல் ஜன்னலில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். ராமானுஜன் கதை தெரியும்தானே? 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கு தவிர மற்றதைக் கைவிட்டதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பனுக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அவரைக் கைதூக்கிவிட இங்கிலாந்தில் ஹார்டி என்ற கணிதப் பேராசிரியர் கிடைத்தார். உனக்கும் எனக்கும் பார்ட் டூ பாஸ் ஆனால்தான் கதை நகரும்.

3. மாகறலில் பஸ் ஏறினால் எங்கெல்லாம் போய்ப் படிக்கலாம் என்று ஒரு தாளில் எழுது. உத்திரமேரூர்ப் பக்கம் திருப்புலிவனத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் 1947இல் தொடங்கிய பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. இவை அரசு உதவி பெறுபவை. செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. செங்கல்பட்டில் ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி. சென்னை என்றால் மாநிலக் கல்லூரி, ராணி மேரி, பாரதி மகளிர், நந்தனம் என்று நீளும். மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் தேசியத் தரவரிசையில் நாடு முழுவதிலும் உள்ள கல்லூரிகளில் மூன்றாம் இடம் அதற்கு. அது அரசுக் கல்லூரி என்பதை மறந்துவிட்டு யாராவது "கவர்மெண்ட் காலேஜா?" என்று மூக்கைச் சுளித்தால் இந்தத் தகவலைச் சொல்.

திருமால்பூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் தாம்பரத்திலும் நிற்கும். மாணவர் சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் அன்றாடம் போய்வர நாலைந்து மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் ரயிலில் படிப்பேன் என்று சொன்னவர்கள் உண்டு, படித்தவர்கள் குறைவு. சென்னை என்றால் அரசு விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போ.

4. இது முக்கியம், நிதானமாகப் படி. "தனியார் கல்லூரி" என்று நாம் ஒரே பேரில் கூப்பிடுவதற்குள் பல ஜாதி இருக்கிறது. சென்னை லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, பச்சையப்பன் போன்றவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். அங்கே உதவி பெறும் பிரிவில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது. அதனால் மாணவர் கட்டும் பணமும் குறைவு. அதே வளாகத்துக்குள், பல இடங்களில் அதே கட்டடத்திலேயே, சுயநிதிப் பிரிவு என்று ஒன்று நடக்கும். அங்கே பாடத்திட்டமும் பட்டமும் அதேதான், கட்டணம் மட்டும் பல மடங்கு. பட்டச் சான்றிதழில் நீ எந்தப் பிரிவில் படித்தாய் என்று போடுவதில்லை.

இந்த வித்தியாசம் தெரியாமல் சுயநிதியில் பணம் கட்டிவிட்டு, நாலு நாள் கழித்து "உதவி பெறும் பிரிவில் இடம் வந்திருக்கிறது" என்று கேள்விப்பட்டு ஓடிவந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய பணத்தைத் திருப்பி வாங்க அவர்கள் பட்ட பாடு எழுதி மாளாது.

ஆகவே ரசீதைப் படி. மேல் வரியில் எந்தப் பிரிவு என்று இருக்கும். கீழே ஒவ்வொரு தலைப்பாக வரும். கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், ஆய்வகம், நூலகம், விளையாட்டு, பல்கலைக்கழகப் பதிவு, காப்புத்தொகை. "இதர கட்டணம்" என்று ஒரு வரி இருந்து, அதற்கு நேரே இருக்கும் எண் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தால், அது என்ன என்று கேள். ரசீதே தராமல் வாங்கும் பணம் கட்டணம் அல்ல. அதற்கு வேறு பேர் உண்டு. காப்புத்தொகை திரும்ப வரும். படிப்பு முடித்துப் போகும்போது அதைக் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

5. தனியார் என்றாலே வியாபாரம், அரசு என்றாலே தர்மம் என்று வசனம் பேசாதே. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தவர். அவர் அறத்துக்கு எழுதிவைத்த சொத்து வழக்காகி, நீதிமன்ற ஏற்பாட்டின்படி உபரிப் பணம் கல்விக்குத் திரும்பி, 1842இல் சென்னையில் பள்ளிக்கூடமாயிற்று. பிறகு கல்லூரியாயிற்று. வெள்ளைக்காரன் பணமோ மிஷனரி பணமோ இல்லாமல் எழுந்தது அது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அண்ணாதுரை, நம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கல்லூரியில் படித்துத்தான் எம்.ஏ. ஆனார். ஒரு தனியாள் போட்ட பணம் அது.

மறுபக்கமும் பார். அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013இல் தமிழக அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. பெயர்ப் பலகையைப் பார்க்காதே. இன்றைக்கு அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்.

6. கடன். இதில் நான் கண்டிப்பானவன், கோபித்துக்கொள்ளாதே.

கல்விக்கடன் நாலு லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பத்து லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்துக்கொள். மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 15 லட்சத்து 85 ஆயிரம். படித்த காலத்து வட்டி இதில் சேரவில்லை. பி.ஏ. முடித்த புதிதில் கிடைக்கும் சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு போக மாதம் பதின்மூன்றாயிரம் எடுத்துவைக்க முடியுமா என்று நீயே சொல்.

"அப்பா பார்த்துக்கொள்வார்" என்கிறாயா? என் திண்ணைக்கு வரும் பலரைப் போல நீயும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, உன் அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். சங்கத்துக்கோ முதலாளிக்கோ நெய்து, புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கரையைத் தனியாக நெய்து உடலோடு சேர்க்கும் கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும், இதுநாள் வரை அது நீயோ உன் அம்மாவோதான். நீ விடுதிக்குப் போனால் அந்தக் கைக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வருவதற்கு ஆர்டரைப் பொறுத்து இடைவெளி விழும். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலையே நிற்கும். வங்கித் தவணைக்கு மழைக்காலம் கிடையாது. இந்தக் கணக்கை எந்தக் கல்லூரி ஆலோசகரும் உனக்குப் போட்டுக் காட்டமாட்டார், அவருக்குத் தறி தெரியாது.

கலை, அறிவியல் பட்டத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதே. இதற்கு விதிவிலக்கு எதுவும் என்னிடம் இல்லை.

7. கடன் வேறு, உதவித்தொகை வேறு. அசோகா, கிரியா, அசிம் பிரேம்ஜி மூன்றுமே குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகின்றன. அசோகாவில் முழுக் கட்டண விலக்கு வரை உண்டு. அசிம் பிரேம்ஜியில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுதிக்கும் சேர்த்துப் பெரிய விலக்கு கிடைக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும் விதிதான் அது. விண்ணப்பிக்காமல் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று உட்கார்ந்திருப்பது உன் தப்பு.

ஒரு சூட்சுமம். இந்தக் கல்லூரிகளின் விண்ணப்பத்துக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதே. நீ அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் முதல் சுற்று நடக்கும். சுற்று தள்ளிப்போகப் போக உதவித்தொகைக்கான பணமும் கரையக்கூடும். கட்டுரை எழுதச் சொல்வார்கள், நேர்காணல் உண்டு. கட்டுரையில் உன் வீட்டுத் தறியைப் பற்றி எழுது. டெல்லிப் பிள்ளைகள் எழுத முடியாத விஷயம் அது. அழுது எழுதாதே. அச்சில் இழை எப்படிக் கோக்கிறார்கள், கரையும் உடலும் எப்படிக் கோர்வையில் சேர்கின்றன என்று தெரிந்ததை எழுது.

உதவித்தொகைக் கடிதம் வந்தால் மூன்று கேள்வி கேள். விடுதியும் சாப்பாடும் சேர்ந்ததா? மூன்று ஆண்டும் தொடருமா, ஆண்டுக்கு ஆண்டு மறுபரிசீலனையா? கட்டணம் ஏறினால் உதவியும் ஏறுமா? பதிலை எழுத்தில் வாங்கு.

8. அரசுக் கல்லூரியின் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப் பட்சமாகிவிடும். நிரந்தர ஆசிரியர் இடங்கள் நிறையக் காலியாக இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் பல துறைகள் ஓடுகின்றன. குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் எடுக்கிறார்கள். அவர்களில் பிஎச்.டி. முடித்த அருமையான ஆசிரியர்கள் உண்டு. ஆனால் நடுப்பருவத்தில் ஒருவர் போய்விட்டால் அந்தத் தாள் அந்தரத்தில் நிற்கும். புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளில் நூலகமும் ஆய்வகமும் இன்னும் நிரம்பியிருக்காது. ஆகவே சேரும் முன் ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்கு, அந்தத் துறைக்கு நேரில் போ. கேட்டில் நிற்காதே, உள்ளே போ. இரண்டாம் ஆண்டு மாணவனைப் பிடித்து, "நேற்று எத்தனை வகுப்பு நடந்தது?" என்று மட்டும் கேள்.

தனியார் கல்லூரிக்கும் இதே சோதனைதான். அங்கே கேட்டிலேயே நிறுத்தி மரியாதையாக வரவேற்பறைக்கு அனுப்புவார்கள். வரவேற்பறையில் ஏசி நன்றாக இருக்கும்.

9. பஸ் ஸ்டாண்டு பேனரில் பல்லைக் காட்டும் பையனின் சம்பளத்தைப் பார்த்து மயங்காதே. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமதிப்புச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற தகவலைத் தன் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். பேனரில் இருப்பது அதிகபட்சச் சம்பளம். நடுமதிப்பு என்பது வரிசையில் நடுவில் நிற்கும் மாணவன் வாங்குவது. நீ பெரும்பாலும் அந்த நடுவில்தான் நிற்பாய்.

10. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பையனுக்குக் கடன் வாங்கி வெளியூர், பெண்ணுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கல்லூரி என்று முடிவு கட்டாதீர்கள். அவள் மதிப்பெண் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்குக்கு வருகிறது, 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்காதீர்கள். புத்தகம் வாங்கட்டும்.

11. ஆதிதிராவிடர் மாணவருக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனித் திட்டங்கள். அலுவலகத்தில் யாராவது "ஃபண்டு இல்லை" என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்.

12. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, நம் பக்கம் அதைக் கவனிப்பவர் குறைவு. திருவாரூரில் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத், டெல்லி. 2022இலிருந்து இவற்றின் இளநிலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் கொசுறு. பல மாநிலப் பிள்ளைகள், விடுதி வாழ்க்கை, பெரிய நூலகம் என்று சோனிபட்டில் நீ தேடும் பாதிச் சங்கதி இங்கேயே கிடைக்கும். வீட்டை விட்டுப் போகவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் முதலில் இதைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு கூடாது என்ற அரசியல் வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் வாதம் முடியும்வரை உன் வயசு காத்திருக்காது.

13. அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், அந்த முப்பது லட்சம் வாங்கித் தருவதில் எதையெல்லாம் சும்மாவே எடுக்கலாம் என்று பார். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் அச்சாகும் புத்தகம் எல்லாம் சட்டப்படி வந்து சேர வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். ஆங்கிலத்தில் வாரம் ஒரு பக்கம் எழுதி, துறையில் அக்கறையுள்ள ஒரே ஒரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல். ஒருவர் கிடைத்தால் போதும், எல்லாத் துறையிலும் ஒருவர் இருப்பார். சுற்றி இருக்கும் பிள்ளைகளைத்தான் இப்படிச் சேர்க்க முடியாது. சோனிபட்டில் உன்னோடு உட்காருபவனின் மாமா ஏதாவது கம்பெனியில் இயக்குநராக இருப்பார். அந்தச் சகவாசத்துக்கும் சேர்த்துத்தான் அங்கே பணம். அது பொய்யான லாபம் இல்லை. ஆனால் அதற்காக வீட்டை விற்கத் தேவையில்லை.

14. விருப்பப் பட்டியல் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு போடாதே. பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார். ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலையைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம், யாருடையதை எழுதக்கூடாது என்று அதற்கு முன் நீளமாகத் தகுதி பார்த்ததை விட்டுவிடுகிறோம். ஐந்து கல்லூரியை நேரில் பார்த்து, மூன்றை எழுது.

15. கடைசியாக என் தீர்ப்பு. விடுதியும் சேர்த்து முழு உதவித்தொகை கிடைத்தால், சோனிபட்டோ பெங்களூரோ யோசிக்காமல் போ. ஒரு பகுதிதான் கிடைத்தால், மீதி நாலு லட்சத்துக்குள் முடியுமா என்று பார். முடிந்தால் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எதுவும் கிடைக்காவிட்டால் மத்தியப் பல்கலைக்கழகம், பிறகு மாநிலக் கல்லூரி போன்ற சென்னைக் கல்லூரிகளும் உதவி பெறும் பிரிவும், பிறகு காஞ்சிபுரம், செய்யாறு, திருப்புலிவனம். பெரிய கட்டணம் வாங்கும் இரண்டாம் தர சுயநிதிக் கல்லூரி இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே மாதம் திறக்கும். அண்மை ஆண்டுகளில் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஏஜென்ட் எவனுக்கும் காசு கொடுக்காதே. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இல்லாதவர்கள் இந்த வாரமே இ-சேவை மையத்தில் போய்ப் பதிந்துவிடுங்கள். மே மாதம் போனால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும்.